காதல் பாட்டும் காதைக் கெடுக்கும்

இந்த வாரமும் ஒரு பையன் காதுப் பரிசோதனைக்கு என்னிடம் வந்தான். சனிக்கிழமை ராத்திரி ரியோ டி ஜெனிரோ புறநகரில் ஃபங்க் என்ற அந்த ஊர் நடன இசைக்கு ஆடும் ஒரு விருந்து. சுவர் மாதிரி அடுக்கிய ஸ்பீக்கர்களை ஒட்டியே ஆடியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை வரை காதில் 'கீ' என்ற இரைச்சல் ஓயவில்லை. செவித்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் இருக்கும் இடத்தில், பள்ளம்: அங்கே காது மந்தம். (எங்கள் தொழிலில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே பெருஞ்சத்தம்தான் காரணம் என்று தெரிந்துவிடும்.) கேட்டால், "அது காதல் பாட்டுதானே, அடிதடிப் பாட்டா?" என்கிறான்.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. காதுக்குப் போர்த்துகீசியம் தெரியாது. வரி காதலா, சண்டையா என்று அது பார்க்காது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், அவ்வளவுதான் அதற்குக் கணக்கு. 1990களில் லத்தீனோ, கிளவுதிஞ்ஞோ - புஷெஷா ஜோடி, எம்.சி. மார்சிஞ்ஞோ எல்லாரும் பாடிய ஃபங்க் மெலடி, அதாவது ஃபங்கின் காதல் பாட்டு வகை, உருகத்தான் வைக்கும். ஆனால் அது வந்தது எந்தப் பெட்டி வழியாக? 1970களில் சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையின் விருந்துகள் ரியோவின் புறநகர் கிளப்புகளுக்குப் பரவியபோது, ஃபுராக்காவ் 2000, சோல் கிராண்ட் ப்ரீ போன்ற ஒலிக்குழுக்கள் சொந்த ஸ்பீக்கர்களோடு பேட்டை பேட்டையாகப் போய்ப் பெயர் வாங்கின. சுவர் எவ்வளவு பெரிதோ குழுவுக்கு அவ்வளவு கெத்து. பின்னால் வந்த காதல் பாட்டும் அந்தச் சுவரில்தான் ஒலித்தது. மெதுவான பாட்டு என்று எந்த டிஜேயும் சத்தத்தைக் குறைக்க மாட்டார். கண்ணை மூடி அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பதால் ஒருவகையில் இதுதான் மோசம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் சத்தம் 80 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபல் என்றால் வாரத்துக்கே ஏறத்தாழ 20 நிமிடம். ராத்திரிக்கு இல்லை, வாரத்துக்கு!

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சுவரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். அவ்வப்போது வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். நுரைச் செவியடைப்பான் போடுங்கள். பஞ்சு உதவாது, தயவுசெய்து அந்தப் பேச்சை விடுங்கள். பிள்ளையைத் தோளில் உட்காரவைத்து ஸ்பீக்கர் முன்னால் நிற்கும் அப்பாக்களை என்ன சொல்வது! காது கேட்கும் கருவியைப் பிரேசில் அரசின் பொது மருத்துவத் திட்டம் இலவசமாகத் தருகிறது, சரி. ஆனால் போன காதை அது திருப்பித் தராது.

அப்புறம், ஒரு காது திடீரென்று மந்தமானால் தானாகச் சரியாகும் என்று வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மருத்துவரிடம் போங்கள்.