டெல்நெட்டுக்கு ஒரு கதவு திறக்கப் போனேன், வரிசையாக எல்லாக் கதவும் திறந்துகொண்டது

சர்வர் பராமரிப்புதான் எனக்குச் சோறு போடும் வேலை. பகலெல்லாம் அடுத்தவர்களின் லினக்ஸ் மெஷின்கள், ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு சொந்த ஆசைக்கு ஒரு பிபிஎஸ். புல்லட்டின் போர்டு சிஸ்டம் என்றால் இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இன்டர்நெட் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், ஒருவர் தன் கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் மாட்டி வைப்பார், மற்றவர்கள் மோடம் வழியாக அதற்கு டயல் செய்து செய்தி எழுதுவார்கள், ஃபைல் எடுத்துக்கொள்வார்கள், விளையாடுவார்கள். 1978 பிப்ரவரி 16-ஆம் தேதி சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் பிபிஎஸ்ஸை ஊருக்குத் திறந்துவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் பெரும்பனி கொட்டி வெளியே போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்தபோது பிறந்த யோசனை அது. ஒரு லைன், ஒரு நேரத்தில் ஒருவர்தான். அடுத்தவர் டயல் செய்தால் எங்கேஜ்டு டோன்.

அந்த எங்கேஜ்டு டோன்தான் அன்றைக்குப் பெரிய பாதுகாப்பும் என்பது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் உறைத்தது. அதே பழக்கவழக்கத்தோடு வளர்ந்த சாப்ட்வேரை இன்று நாம் யாரும் வந்து தட்டக்கூடிய பப்ளிக் ஐபி முகவரி உள்ள ஒரு விபிஎஸ்ஸில், அதாவது வாடகை சர்வரில், தூக்கி வைக்கிறோம். ஸ்டார்ட் பண்ணும்போது டைப் பண்ணும் அந்த ஒரு வரி, உலகத்துக்கு எதையெல்லாம் திறந்துவிடுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நானும் பார்க்கவில்லை.

நான் ஓட்டுவது சிங்க்ரோநெட். ராப் ஸ்விண்டெல் என்பவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது, ஓப்பன் சோர்ஸ். முதல் நாள், டாக்குமெண்டைப் பாதி படித்துவிட்டு (எல்லோரும் செய்வதுதான்) எஸ்பிபிஎஸ் என்று அடித்து என்டர் தட்டினேன். திரையில் வரிகள் ஓடின, டெல்நெட் (நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குள் எழுத்துத் திரையாக நுழையும் பழைய வழி) போட்டுப் பார்த்தேன், லாகின் திரை வந்தது, சந்தோஷமாகத் தூங்கப் போயிருப்பேன். வேலைப் பழக்கத்தில் கை தானாக ‘எஸ்எஸ்’ கட்டளையை அடித்தது, எந்தெந்த போர்ட், அதாவது எண் போட்ட வாசல், காது கொடுத்துக் காத்திருக்கிறது என்று காட்டுவது. நான் எதிர்பார்த்தது டெல்நெட்டின் 23 மட்டும். பட்டியலில் 21, 25, 80, 110, 119, 513, 6667 என்று இறங்கிக்கொண்டே போனது. ஃபைல் பரிமாறும் எஃப்டிபி, மெயில் வாங்கும் எஸ்எம்டிபி, வெப் சர்வர், மெயில் எடுக்கும் பாப்3, நியூஸ், இன்னொரு பழைய லாகின் வழியான ஆர்லாகின், அரட்டைக்கான ஐஆர்சி. ஒரு ரூம் வாடகைக்கு விடப் போய் மண்டபத்தையே திறந்து வைத்த கதை.

இது சிங்க்ரோநெட்டின் குறை இல்லை, அதன் பெருமையே எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருப்பதுதான். கமாண்ட் லைனிலேயே ஒவ்வொன்றையும் மூட வழி வைத்திருக்கிறார்கள்: சர்வரின் முதல் எழுத்தைப் போட்டு ஒட்டினாற்போல் ஒரு கழித்தல் குறி. எஃப் போட்டுக் கழித்தல் என்றால் எஃப்டிபி வேண்டாம், எம் என்றால் மெயில், டபிள்யூ என்றால் வெப், எஸ் என்றால் நியூஸ், ஐஆர்சி போன்ற மற்ற சேவைகள் மொத்தமும். டி, பி என்ற இரண்டு எழுத்தோடு எண்ணை ஒட்டி எழுதினால் டெல்நெட் போர்ட் மாறும். நடுவில் இடைவெளி விடக் கூடாது, மற்ற யூனிக்ஸ் கட்டளைகளின் பழக்கத்தில் நான் இடைவெளி விட்டுவிட்டு, ஏன் மாறவில்லை என்று அரை மணி நேரம் முழித்தேன். ‘டிஃபால்ட்ஸ்’ என்ற வார்த்தையை மட்டும் கொடுத்து ஓட்டினால், எதுவும் சொல்லாவிட்டால் என்னென்ன அமைப்போடு கிளம்பும் என்று காட்டிவிட்டு நின்றுவிடும். முதல் முறை ஸ்டார்ட் பண்ணும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் கமாண்ட் லைனில் மூடுவது அன்றைக்கு மட்டும்தான். நாளைக்கு மெஷின் ரீபூட் ஆகி வேறொரு ஸ்கிரிப்ட் அதைக் கிளப்பினால் எல்லாம் பழையபடி திறந்துவிடும். நிரந்தரமாக வேண்டாம் என்பதை கன்ட்ரோல் டைரக்டரியில் உள்ள ஐஎன்ஐ ஃபைலில் (அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்) ஆட்டோஸ்டார்ட் என்ற வரியில் மாற்றுங்கள், கமாண்ட் லைனைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதே பாடத்தை ஆபீஸ் சர்வர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், என் சொந்த மெஷினில் மறந்துபோனேன்.

சரி, போர்ட் 23 விஷயம். டெல்நெட்டை 23-இல் விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். என் லாக்கில் முதல் ராத்திரியே, லாகின் பெயர் கேட்கும் இடத்தில் யாரோ ‘ரூட்’ என்று அடித்திருந்தார்கள், அடுத்து ‘எக்ஸ்சி3511’, அப்புறம் வரிசையாக ‘எனேபிள்’, ‘சிஸ்டம்’, ‘ஷெல்’. ஆள் இல்லை, பாட், தானாக ஓடும் புரோகிராம். 2016-இல் மிராய் என்ற மால்வேர் பரவியது. கண்காணிப்பு கேமரா, டிவிஆர் போன்றவற்றில் ஃபேக்டரியில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றுவதில்லை என்று தெரிந்துகொண்டு, அறுபதுக்கு மேற்பட்ட யூசர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை டெல்நெட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். அப்படிப் பிடித்த கருவிகளின் படையைத் திருப்பிவிட்டுத்தான் அந்த வருடம் அக்டோபர் 21-ஆம் தேதி டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை, அதாவது தளங்களின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் நிறுவனத்தை, முடக்கினார்கள், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் தடுமாறின. மிராயின் சோர்ஸ் கோடு வெளியாகி, அதன் பிள்ளை பேரன்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பாவம், என் பிபிஎஸ்ஸை ஒரு கேமரா என்று நினைத்து ‘எனேபிள்’ என்று பெயர் சொல்லி உள்ளே வரப் பார்த்திருக்கிறது.

23 வேண்டாம், 2323 வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. மிராய் எழுதியவருக்கும் தோன்றியிருக்கிறது. அது பத்துக்கு ஒரு தடவை 2323-ஐயும் தட்டும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே யாரும் யோசிக்காத நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அதனால் பாதுகாப்பு வந்துவிடாது, லாக் படிக்கும் தலைவலி குறையும், அவ்வளவுதான்.

பாட் உள்ளே நுழையாவிட்டாலும் தொல்லை உண்டு. சிங்க்ரோநெட்டைப் புதிதாக நிறுவினால் நான்கு நோடு இருக்கும், அதாவது ஒரே நேரத்தில் நான்கு பேர். நான்கு பாட்கள் வந்து லாகின் திரையில் உட்கார்ந்துகொண்டால் ஐந்தாவதாக வரும் உண்மையான மனிதருக்கு இடமில்லை என்று வரும். எங்கேஜ்டு டோன் திரும்பி வந்துவிட்டது, ஆனால் இந்த முறை லைனைப் பிடித்துக்கொண்டிருப்பது யாரோ ஒருவர் வீட்டு கேமரா. ஐஎன்ஐ ஃபைலில் லாகின் முயற்சி எத்தனை தடவை தோற்றால் தற்காலிகமாகத் தடை, எத்தனை தடவைக்கு மேல் நிரந்தர வடிகட்டல் என்று தனித்தனி எண்கள் உண்டு, அவற்றை இறுக்குங்கள். சில சிஸ்ஆப்கள் (பிபிஎஸ் நடத்துபவர்கள்), லாகின் திரைக்கு முன்பே எஸ்கேப் கீயை இரண்டு தடவை தட்டச் சொல்லி ஒரு வாசல் வைக்கிறார்கள். மனிதர்கள் தட்டுவார்கள், பாட் திருதிருவென்று முழிக்கும். ரொம்ப எளிமையான தந்திரம், எனக்குப் பிடித்தது.

அடுத்தது, ரூட், மெஷினில் எல்லா உரிமையும் உள்ள யூசர். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைச் சாதாரண யூசரால் திறக்க முடியாது. உடனே நம் ஆட்கள் சூடோ போட்டு ரூட்டாகவே ஓட்டிவிடுவார்கள். வேலை செய்யும். ஒரு டோர் கேமில் (பிபிஎஸ்ஸிலிருந்து திறக்கும் தனி விளையாட்டு புரோகிராம்) ஓட்டை இருந்தால் வந்தவர் கையில் முழு மெஷினும் போய்விடும், அதுவும் வேலை செய்யும். தனி யூசர் ஒன்றை உருவாக்கி, கமாண்ட் லைனில் யூ, என் எழுத்துகளுக்குப் பின்னால் அந்தப் பெயரை ஒட்டிக் கொடுங்கள், ரூட்டாகக் கிளம்பி போர்ட்டைப் பிடித்ததும் அந்த யூசராக இறங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு சிக்கல், ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் தன்னை மறுபடி துவக்கிக்கொள்ள முயன்றால், இப்போது ரூட் உரிமை இல்லாததால் சின்ன எண் போர்ட்டைத் திரும்பப் பிடிக்க முடியாமல் போகும். அதனால் நான் ‘செட்கேப்’ வழிக்கு மாறினேன். அந்த ஒரு புரோகிராம் ஃபைலுக்கு மட்டும், சின்ன எண் போர்ட்டைத் திறக்கும் உரிமையை எழுதி வைப்பது. வேறு எந்த ரூட் உரிமையும் அதற்குக் கிடையாது. ஒரு நாள் புது வெர்ஷனை கம்பைல் பண்ணிப் போட்டேன், மறுநாள் காலையில் டெல்நெட் செத்துக் கிடந்தது. உரிமை எழுதப்பட்டிருந்தது பழைய ஃபைலில், புது ஃபைலுக்கு அது தெரியாது. இப்போது அப்டேட் ஸ்கிரிப்டின் கடைசி வரியே அதுதான்.

லினக்ஸில் புரோகிராம்களைக் கிளப்பிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டது இன்னும் கேவலம். கமாண்ட் லைனில் டி என்று போட்டால் டீமனாகப் பின்னணிக்குப் போய்விடும், நல்லதுதானே என்று, எப்படிக் கிளப்ப வேண்டும் என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் ஃபைலிலும் அதைப் போட்டேன், டைப் என்பது சிம்பிள் என்றே இருந்தது. நடந்தது இதுதான்: புரோகிராம் கிளம்பி, தன் பிள்ளையைப் பின்னணியில் விட்டுவிட்டுத் தான் வெளியேறும். சிஸ்டம்டி, பெற்றவர் போய்விட்டார், கதை முடிந்தது என்று பிள்ளையையும் சேர்த்துக் கொன்றுவிடும். ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்று வேறு எழுதியிருந்தேன். கிளம்புவது, சாவது, கிளம்புவது, சாவது, ஐந்து தடவைக்குப் பிறகு சிஸ்டம்டியே அலுத்துப்போய் விட்டுவிட்டது. சிம்பிள் என்றால் டீமன் ஆப்ஷனை எடுத்துவிடுங்கள், டீமன் வேண்டுமென்றால் ஃபோர்க்கிங் என்று மாற்றுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

பாஸ்வேர்டைக் கமாண்ட் லைனில் கொடுக்கும் பழக்கம் பிபிஎஸ் உலகத்திலும் உண்டு. நோட்.ஜேஎஸ்ஸில் எழுதப்பட்ட எனிக்மா பிபிஎஸ்ஸில், யூசரின் பாஸ்வேர்டை மறந்துபோனால் மாற்றித் தர ‘ஓபியூட்டில்’ என்ற கருவி இருக்கிறது. யூசர் பெயர், பக்கத்திலேயே புது பாஸ்வேர்டு, என்டர். வசதிதான், ஆனால் அந்த வரி, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் ஹிஸ்டரியில் உட்கார்ந்துகொள்ளும், ஓடும் அந்தக் கணத்தில், ஓடும் புரோகிராம்களைக் காட்டும் ‘பிஎஸ்’ அடிக்கும் எவருக்கும் தெரியும். ஒரு வாடிக்கையாளர் இடத்தில், பேக்கப் ஸ்கிரிப்டில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இப்படி ஆறு மாதம் அம்மணமாக நின்றது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆன தம்பி ஒருவன்தான் என்னிடம் வந்து, “அண்ணா, இது இப்படித்தான் தெரியணுமா?” என்று கேட்டான். பிபிஎஸ்ஸில் நான் செய்வது: தற்காலிக பாஸ்வேர்டு ஒன்றை வைத்து, உள்ளே வந்ததும் மாற்றிக்கொள்ளச் சொல்வது, ஹிஸ்டரியில் அந்த வரியை அழிப்பது.

எனிக்மாவில் இன்னொன்று கவனியுங்கள், புதிதாக நிறுவியதும் முதலில் பதிவு செய்பவரே சிஸ்ஆப். டோக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுகிறவர்கள் போர்ட் ஆப்ஷனில் 8888:8888 என்று போட்டுவிட்டு, யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் எல்லாவற்றையும் தடுக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். டோக்கர் தன் விதிகளை, லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் பட்டியலான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிவிடும், யூஎஃப்டபிள்யூவின் வாசலைத் தாண்டாமலே ஆள் உள்ளே வந்துவிடுவார். நீங்கள் காபி போட்டுவிட்டு வருவதற்குள் வேறொருவர் முதலில் பதிவு செய்துவிட்டால் அவர்தான் முதலாளி. போர்ட்டுக்கு முன்னால், அந்த மெஷினை மட்டும் குறிக்கும் முகவரியான 127.0.0.1 என்று சேர்த்து ஓட்டி, உள்ளேயிருந்தே உங்கள் கணக்கைத் திறந்துவிட்டு, அப்புறம் ஊருக்குத் திறங்கள்.

டெல்நெட்டில் போவது அத்தனையும் அப்பட்டமான எழுத்து. நம்பாதவர்கள் சர்வரில், நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் ‘டிசிபிடம்ப்’ போட்டுவிட்டு லாகின் செய்து பாருங்கள், திரையில் நட்சத்திரங்களாக விழுவது, பாக்கெட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தனித்தனியே போய்க்கொண்டிருக்கும். அதனால் எல்லாவற்றையும் மறையெழுத்தாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச்சையும் திறந்து வையுங்கள், சிங்க்டெர்ம் போன்ற கிளையன்ட்கள் அதை நன்றாகவே கையாளும். 22-இல் ஏற்கெனவே நீங்கள் சர்வருக்குள் வரும் ஓப்பன்எஸ்எஸ்எச் உட்கார்ந்திருக்கும், பிபிஎஸ்ஸுக்கு 2222 போல வேறு எண் கொடுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச்சை நகர்த்தி பிபிஎஸ்ஸுக்கு 22 கொடுக்கும் ஆசை வந்தால், புது எண்ணை ஃபயர்வாலில் முதலில் திறந்துவிட்டு, பழைய விண்டோவை மூடாமல் இன்னொரு விண்டோவில் உள்ளே வந்து பாருங்கள். தன்னைத்தானே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டு கதவைத் தட்டிய சர்வர்காரர்கள் பட்டியலில் என் பெயரும் உண்டு.

டோர் கேம்களை இணைக்கும்போது சிங்க்ரோநெட் ஒரு கமாண்ட் லைன் கேட்கும், அதில் சதவீதக் குறி போட்டு எஃப் என்றால் டிராப் ஃபைலின் (யூசரின் விவரங்களை கேமுக்குத் தரும் ஃபைல்) இடம், ஹேஷ் என்றால் நோடு எண், ஏ என்றால் யூசரின் புனைபெயர். இந்தக் கடைசி ஒன்றைத் தொடாதீர்கள். புனைபெயர் என்பது வெளியாள் அவர் இஷ்டத்துக்கு டைப் பண்ணியது. அது ஷெல் வழியாகப் போனால், பெயருக்குள் இருக்கும் ஓர் அரைப்புள்ளிக்கு அந்தப் பக்கம் உள்ளதை ஷெல் புதுக் கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம். பெயர் தேவைப்படும் கேம் அதை டிராப் ஃபைலில் படித்துக்கொள்ளட்டும்.

எல்லாம் முடிந்தபிறகு சர்வருக்குள்ளிருந்து சரிபார்த்துத் திருப்திப்படாதீர்கள், வெளியே போய்ப் பாருங்கள். நான் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை மாட்டி, எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் என்மேப்பை எல்லாப் போர்ட்டுக்கும் ஓட்டுவேன், முதலில் ஐபிவி4 முகவரிக்கு, பிறகு ஐபிவி6-க்கு. இரண்டாவதைச் செய்யாமல் விட்டதில் ஒரு தடவை எஃப்டிபி அந்தப் பக்கம் இரண்டு மாதம் திறந்தே கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டியபோது இரண்டிலும் மூன்றே மூன்று வரிதான் வந்தது: நான் உள்ளே வரும் எஸ்எஸ்எச், பிபிஎஸ்ஸின் எஸ்எஸ்எச், டெல்நெட். லேப்டாப்பை மூடிவிட்டு, அதே டெல்நெட்டில் என் பிபிஎஸ்ஸுக்குள் போய் ஒரு ஆட்டம் போட்டேன்.