உறைநிலச் சங்கத்துக்கு யார் தலைவர் என்பதில் நமக்கென்ன?

கனடாவின் வடக்கிலும் அலாஸ்காவிலும் அடித்தள வேலை பார்க்கிற எங்களைப் போன்ற மண்பொறியாளர்களிடம் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. தொழில்முறைச் சங்கத்தின் சந்தாவைக் கம்பெனி கட்டிவிடும், பயோடேட்டாவில் ஒரு வரி கூடும், அத்தோடு சங்கத்தை மறந்துவிடுவோம். பொறுப்புகளுக்கு ஆள் தேவை, பெயர் பரிந்துரை செய்யுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் "அதையெல்லாம் புரொஃபசர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று தள்ளிவிட்டு அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவோம். எல்லாத் துறையிலும் நடப்பதுதான். ஆனால் பெர்மாஃப்ராஸ்ட் என்கிற உறைநிலத் துறையில் இந்த அலட்சியம் ரொம்பவே செலவு வைக்கும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும்.

தொடர்ந்து இரண்டு வருடமாவது 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கிற நிலம்தான் பெர்மாஃப்ராஸ்ட். மண்ணாக இருக்கலாம், பாறையாக இருக்கலாம், உள்ளே ஐஸ் கட்டிகட்டியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதன் மேலே கோடையில் உருகிக் குளிர்காலத்தில் மறுபடி உறைகிற ஓர் அடுக்கு இருக்கும். தூண்களை அந்த அடுக்கைத் தாண்டிக் கீழே இறக்குவோம். சுற்றியுள்ள மண் தூணோடு சேர்ந்து உறைந்து இறுகிக்கொள்ளும் பிடிப்பை நம்பித்தான் வீடு, பள்ளிக்கூடம், எண்ணெய்த் தொட்டி எல்லாம் நிற்கின்றன. மண் உருகினால்தான் ஆபத்து என்று தெற்கிலிருந்து வருகிறவர்கள் நினைக்கிறார்கள். உருகவே வேண்டாம். மைனஸ் 4 டிகிரியில் இருந்த களிமண் மைனஸ் 1க்கு வந்தாலே பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், தூண் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பிக்கும். அதனால் எங்களுக்கு முதலில் வேண்டியது நிலத்தடி வெப்பநிலை. அதுவும் ஒரு நாள் எடுத்த அளவு போதாது, பத்து இருபது வருடத்தில் அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரிய வேண்டும். இதைத் தனியொரு கம்பெனியால் எடுக்க முடியாது. ப்ராஜெக்ட் இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும், நிலத்தில் போட்ட துளைக்குள் இறக்கிய தெர்மிஸ்டர் கம்பியை, அதாவது வெப்பநிலை அளக்கும் கம்பியை, அப்புறம் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

ஆக, பல நாடுகளில் பல பேர் எடுத்த அளவுகளை ஒரே முறையில் சேர்த்து, வருடக்கணக்கில் விடாமல் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். அந்த வேலையை ஏற்றுக்கொண்டது சர்வதேச பெர்மாஃப்ராஸ்ட் சங்கம்.

இந்தச் சங்கம் பிறந்த கதையே சுவாரசியமானது. 1983 ஜூலையில் அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் நகரில் நான்காவது சர்வதேச மாநாடு கூடியபோது அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, சீனா என்று நான்கு நாடுகள் சேர்ந்து இதைத் தொடங்கின. அந்த வருடம் மார்ச்சில்தான் ரீகன் சோவியத் யூனியனைத் தீய சாம்ராஜ்யம் என்று பேசியிருந்தார். செப்டம்பர் 1ஆம் தேதி கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. இந்த இரண்டுக்கும் நடுவே, அமெரிக்க மண்ணில் கூடிய கூட்டத்தில், சங்கத்தின் முதல் தலைவராக வந்தவர் யாகுட்ஸ்க் உறைநில ஆய்வு நிறுவனத்தின் பாவெல் மெல்னிகோவ் என்கிற சோவியத் விஞ்ஞானி. அவருக்குப் பிறகு அமெரிக்கர் ட்ராய் பெவே, அப்புறம் சீனாவின் செங் குவோடோங், அப்புறம் கனடாவின் ஹ்யூ ஃப்ரெஞ்ச் என்று நிறுவன நாடுகள் நான்கும் ஒரு சுற்று வந்தன.

இதைப் பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை, கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை. ரஷ்ய நிலப்பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் பெர்மாஃப்ராஸ்ட் பகுதி. யாகுட்ஸ்க்கில் ஷெர்கின் என்ற வணிகர் 1828இல் கிணறு தோண்டத் தொடங்கி, 1837 வரை தோண்டி, 116 மீட்டர் போயும் உறைந்த மண்ணைத் தாண்ட முடியாமல் விட்ட குழி இன்னும் இருக்கிறது. அதில் வெப்பநிலை அளந்தது 1840களில். அவ்வளவு பழைய அனுபவம் உள்ள நாட்டை வெளியே வைத்துவிட்டு உறைநிலத்தைப் பற்றி உலகச் சங்கம் நடத்துவது வீண்.

பொறுப்புகளுக்கு வந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆரம்ப காலத்தில் பொதுச்செயலாளராக இருந்த ராஸ் மக்கே, 1978இல் கனடாவின் ஆர்க்டிக் கடற்கரையில் ஒரு சின்ன ஏரியையே வடியவிட்டார், வெறும் தரையில் உறைநிலம் புதிதாக எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காக. இல்லிசர்விக் என்று அந்த இடத்துக்குப் பெயர். அவருக்குப் பிறகும் அங்கே அளவெடுப்பது தொடர்ந்தது. செங் குவோடோங் கட்டுமானத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவர். 2006இல் திறந்த கோல்முட்-லாசா ரயில் பாதை 1,142 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 550 கிலோமீட்டர் பெர்மாஃப்ராஸ்ட் மேல் போகிறது. வெப்பம் இறங்காமல் தடுத்தால் போதும் என்ற பழைய எண்ணத்தை மாற்றி, உடைகல் அடுக்கு மாதிரி வழிகளால் தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தையே குளிர்விக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். 2003 முதல் 2008 வரை தலைவராயிருந்த ஜெர்ரி பிரவுன் தரவு விஷயத்தில் பிடிவாதக்காரர். 1997இல் வெளியான வட துருவ வட்டார உறைநில வரைபடத்தில் முதல் பெயர் அவருடையது, நாங்கள் இன்றும் ஒரு புது இடத்துக்கு வேலை வந்தால் முதலில் விரித்துப் பார்ப்பது அதைத்தான். பழைய குறிப்பேடுகளிலும் அறிக்கைகளிலும் கிடந்த அளவுகளைத் தேடிச் சேர்த்து 1998இல் கனடாவின் யெல்லோநைஃப் நகரில் நடந்த மாநாட்டின்போது சிடியாகவே வெளியிட்டது சங்கம். அடுத்த வருடம் உலக உறைநிலக் கண்காணிப்பு வலையமைப்பு தொடங்கியது.

அந்த வலையமைப்பின் துளைகளிலிருந்துதான் 2019இல் அந்த முக்கியமான எண் வந்தது: 2007க்கும் 2016க்கும் இடையில் உலக அளவில் பெர்மாஃப்ராஸ்ட் சராசரியாக 0.29 டிகிரி சூடேறியிருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இடைவெளியில்லாமல் உறைந்திருக்கும் வடகோடிப் பகுதியில் 0.39 டிகிரி ஏறியது, விட்டுவிட்டு உறைந்திருக்கும் தெற்கு ஓரத்தில் 0.20தான். தெற்கு ஓரம் தேவலை என்று இதைப் படித்தால் தப்பு. 0 டிகிரியை நெருங்கிய மண்ணில் வெப்பம் வெப்பமானியை ஏற்றுவதில் செலவாவதில்லை, ஐஸை உருக்குவதில் செலவாகிறது. எண் அசையாமல் நிற்கும், கட்டடம் இறங்கிக்கொண்டிருக்கும். இந்த எண்ணை முதலாளிகளுக்கும் நகராட்சிக்காரர்களுக்கும் விளக்கிச் சொல்ல விஞ்ஞானியும் வேண்டும், தூண் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பொறியாளரும் வேண்டும்.

சரி, இப்போது என் குறைக்கு வருகிறேன். சங்கத்தின் நோக்கத்திலேயே அறிவியலும் பொறியியலும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் தலைவர்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலிருந்தோ ஆய்வு நிறுவனத்திலிருந்தோ வந்தவர்கள். தனியார் கம்பெனியில் உட்கார்ந்து வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற பொறியாளர்கள் மேலே போவது அபூர்வம். விஞ்ஞானிகள் வழிமறித்ததாக நான் சொல்லவில்லை. நாலு வருடம் சம்பளமில்லாத பொறுப்பு, மணிக்கணக்கில் பில் போடுகிற எந்தக் கம்பெனி அதற்கு விடுப்புக் கொடுக்கும்? சங்கத்திடமும் பெரிய பணம் இல்லை, செயலகமே யாராவது ஓர் ஆய்வு நிறுவனம் இடம் கொடுத்தால்தான் நடக்கிறது, ஒரு காலத்தில் ஜெர்மனியின் பாட்ஸ்டாமில், பிறகு ஸ்வால்பார்டில். தீர்மானம் போட்டு யாரையும் கட்டுப்படுத்தும் அதிகாரமும் கிடையாது. உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் கூடுவார்கள், செயற்குழு வேலை பார்க்கும், குறுகிய காலப் பணிக்குழுக்களுக்குக் கொஞ்சம் காசு கொடுப்பார்கள். அதனால் எந்தக் குழுவுக்குக் கொடுப்பது, எதை அளக்கச் சொல்வது, யாரை ஒரே அறையில் உட்கார வைப்பது என்று தலைமை எடுக்கிற முடிவுகள்தான் இங்கே எல்லாமே.

கார்பன் பற்றிய ஆய்வுக்குக் கவனமும் நிதியும் தாராளமாகக் கிடைக்கின்றன. நியாயம்தான், உறைநிலத்துக்குள் இருக்கும் கார்பன் காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் மாநாட்டில் அந்த அரங்கு நிரம்பி வழியும்போது, அடித்தளம் பற்றிய அமர்வில் பழகிய முகங்களே எதிரெதிராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கையில் எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது.

விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் பேசிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்கா எண்ணெய்க் குழாய் இருக்கிறது. முழுக்கப் புதைத்துவிடலாம் என்றுதான் முதலில் திட்டம். சூடான எண்ணெய் போகும் குழாய் சுற்றியுள்ள நிலத்தை என்ன செய்யும் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர்தர் லாகன்பிரூக் 1970இல் கணக்குப் போட்டுக் காட்டினார். திட்டம் மாறியது. 1977இல் முடிந்த அந்த 1,287 கிலோமீட்டர் குழாயில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே, தாங்கிகளின் மீது போகிறது. பெரும்பாலான தாங்கிகளுக்குள் நிலத்தின் சூட்டைக் குளிர்காலத்தில் வெளியேற்றும் அம்மோனியாக் குழாய்கள் இருக்கின்றன.

பேசிக்கொள்ளாவிட்டால்? 2020 மே 29 அன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் டீசல் தொட்டி உடைந்து ஏறத்தாழ 21,000 டன் கொட்டியது. நிறுவனம் உருகும் நிலத்தைக் காரணம் காட்டியது. விசாரணையில் அடித்தளத் தூண்களின் குறைகளும், கண்காணிப்பு சரியில்லாததும் வெளியே வந்தன. எது நடந்தாலும் பருவநிலை மீது பழி போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்கிற இந்தப் போக்கை உடைக்க, பொறியாளர்களின் குரலும் சேர்ந்த ஒரு சங்கத்தால்தான் முடியும். இந்தியாவிலிருந்து படிக்கிறவர்கள் இது ஏதோ துருவத்துச் சமாச்சாரம் என்று போய்விட வேண்டாம், 2023 அக்டோபர் தொடக்கத்தில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைப்பெடுத்து தீஸ்தா அணையை அடித்துச் சென்றதே, அதைத் தொடங்கி வைத்தது ஏரிக்குள் சரிந்து விழுந்த உறைந்த மொரெய்ன், அதாவது பனியாறு குவித்துவிட்டுப் போன கல்மண் கரைதான்.

2020இல் சீனாவின் லாஞ்சோவில் நடக்க வேண்டிய மாநாடு கொரோனாவால் நின்றுபோய், 2016 பாட்ஸ்டாமுக்குப் பிறகு அடுத்த உலக மாநாடு 2024 ஜூனில் கனடாவின் யூகான் பகுதியில் உள்ள வைட்ஹார்ஸில்தான் நடந்தது. நடுவில் 2022இல் உக்ரைன் போர் வந்தது, வட துருவ நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவோடு வேலையை நிறுத்தி வைத்தன, ஆய்வுக்காரர்களின் போக்குவரத்தும் தரவுப் பரிமாற்றமும் பல இடங்களில் அறுந்தன. போரைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஆனாலும் சைபீரியாவின் துளைகள் இல்லாத வரைபடத்தை உலக வரைபடம் என்று கூப்பிட என் கை வராது. அரசுகளுக்கிடையே பேச்சு நின்றாலும் அளவெடுக்கிற ஆட்களுக்கிடையே குறைந்தபட்சத் தொடர்பாவது வைத்திருப்பது எப்படி என்பது இனி வருகிற ஒவ்வொரு தலைவரின் மேசையிலும் இருக்கப் போகிற கேள்வி. 1983இல் இருந்தவர்களுக்கும் நிலைமை இதைவிட எளிதாக இருந்திருக்காது.

என்ன செய்யலாம்? அடுத்த முறை உங்கள் நாட்டுச் சங்கம் பெயர் கேட்டால் பதில் போடுங்கள். கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவரையாவது பரிந்துரை செய்யுங்கள், அவருடைய மேலாளரிடம் மாதத்தில் சில மணி நேரம் விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பேசுங்கள். போட்டியிடுகிறவர்களிடம் தனியார் கைகளில் முடங்கிக் கிடக்கும் துளைத் தரவை வெளியே கொண்டுவர என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், "விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். கனடாவில் தெர்மோசைஃபன் (நிலத்தின் சூட்டைக் குளிர்காலத்தில் வெளியேற்றும் குழாய்) வைத்த அடித்தளத்துக்கென்று தனித் தரநிலையே வந்துவிட்டது, அது எழுதப்பட்டது பொறியாளர்கள் உட்கார்ந்ததால்தான். தரவுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

என் அனுபவத்தில் ஒரே தெருவில் மூன்று கட்டடங்களுக்கு மூன்று கம்பெனிகள் தனித்தனியாகத் துளை போட்டு, மூன்று அறிக்கைகளும் மூன்று அலமாரிகளில் பூட்டிக் கிடப்பது சர்வ சாதாரணம். கட்டட உரிமையாளர் ஒருவரிடம் அனுமதி கேட்டபோது, நிலத்தின் மதிப்பு விழுந்துவிடும் என்று மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அதனால் இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே, வெப்பநிலை அளவுகளைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்க அனுமதி உண்டு என்ற வரியை ஒப்பந்த வரைவில் போட்டே அனுப்புகிறேன். அதற்கும் தயங்கினால், இடத்தின் ஆயத்தொலைவை ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தோராயமாக்கி, கட்டடத்தின் பெயரை எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பலர் அதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்.