கியூ என்னும் வால்

நீண்டு நிற்கும் கூட்டத்தை ‘அனுமார் வால் போல’ என்று எழுதுவது நம் பத்திரிகைகளின் பழைய வழக்கம். அப்படி எழுதுகிறவர் கியூ என்ற சொல்லைத் தம்மை அறியாமலே மொழிபெயர்த்துவிடுகிறார். ஏனென்றால் கியூ என்றால் வால்தான்.

விலங்கின் வாலுக்கு இலத்தீனில் ‘கௌடா’ என்றும் ‘கோடா’ என்றும் பெயர். அது பிரெஞ்சில் தேய்ந்து ‘க்யோ’ போல ஒலிக்கும் சொல்லானது. இத்தாலியிலோ ‘கோடா’ அப்படியே தங்கிவிட்டது. மேலை இசையில் ஒரு படைப்பின் முடிவாக ஒட்டிக்கொள்ளும் பகுதியை இன்றும் அப்பெயராலேயே குறிக்கிறார்கள். பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர் கையில் பிடிக்கும் கோலின் ஆங்கிலப் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தாலும் அதுவும் இந்தப் பிரெஞ்சு வாலிலிருந்து வந்ததே.

ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் இச்சொல்லுக்குக் காத்திருப்போடு தொடர்பு கிடையாது. கேடயச் சின்னங்களில் வரையும் சிங்கத்தின் வாலைக் குறித்தது. பிறகு முதுகில் தொங்கும் ஆண்களின் பின்னல் சடையைக் குறித்தது. சீனாவை ஆண்ட சிங் அரசு 1645இல் ஆண்கள் எல்லோருக்கும் கட்டாயமாக்கிய சடைக்கும் ஆங்கில நூல்களில் இதுதான் பெயர்.

ஆட்கள் நிற்கும் வரிசை என்ற பொருள் ஆங்கிலத்தில் 1837இல்தான் தலைகாட்டுகிறது. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் எழுத்தாளர் தாமஸ் கார்லைல், பாரிஸ் நகர ரொட்டிக் கடைகளுக்கு ‘வால்’ முளைத்துவிட்டது என்றார். முதலில் வந்தவருக்கு முதலில் கிடைக்கும்படி மக்கள் ஒருவர்பின் ஒருவராக நின்றது அவருக்குப் பிரெஞ்சுக்காரர்களுக்கே உரிய விசித்திரத் திறமையாகப் பட்டது. வரிசையில் நிற்பதை ஆங்கிலேயரின் பிறவிக் குணம் என்று இன்று சொல்லும்போது சிரிப்பு வராமல் இருக்குமா? அமெரிக்கர்கள் இச்சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை. கோடு என்று பொருள்படும் ‘லைன்’ அவர்களுக்குப் போதும்.

தமிழில் இதற்கு ‘வரிசை’ என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். சரியான சொல்தான். ஆனால் அதன் பழைய பொருள் கியூவுக்கு நேர் எதிரானது. புறநானூற்றின் 121ஆம் பாட்டில் மலையமான் திருமுடிக்காரி என்ற குறுநில மன்னனிடம் கபிலர் சொல்கிறார்: நாலு திசையிலிருந்தும் பரிசில் கேட்டுப் பலர் வருவார்கள், அள்ளிக் கொடுப்பது எளிது, ‘வரிசை அறிதலோ அரிதே’, ஆகவே புலவர்களிடம் ‘பொது நோக்கு ஒழிமதி’. இங்கே வரிசை என்பது ஒருவருடைய தகுதியும் அதற்கேற்ற மதிப்பும். ‘பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்’ என்னும் 528ஆம் குறளும் இதையே சொல்கிறது. எல்லோரையும் ஒன்றாகப் பார்க்காதே என்பதுதான் அன்றைய வரிசை. பெரியவர் சிறியவர் பாராமல், வந்த நேரம் ஒன்றையே கணக்கில் எடுப்பது இன்றைய வரிசை. ஒரு சொல் இத்தனை தூரம் திரும்பி நடந்திருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. ‘வரிசை செய்தார்கள்’ என்றால் மரியாதை செய்தார்கள் என்று புரிந்துகொள்கிறோம் அல்லவா?

வேறு சொற்களும் உண்டு. ‘நிரை’ அழகான சொல். ஆனால் கணிதப் பாடநூல்களில் அணி (மேட்ரிக்ஸ்) என்னும் எண் கட்டத்தின் கிடைவரிசைக்கு அது போய்விட்டது. ‘சாரை’ என்பதைச் சிலர் விரும்புவார்கள். எறும்புச் சாரை கண்முன் வருவதால் கியூவின் உருவத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஒரே ஒரு குறை: சாரை நகர்ந்துகொண்டே இருக்கும், கியூ அப்படி உறுதி தருவதில்லை.

கணினியியலிலும் இச்சொல் உண்டு. முதலில் நுழைந்த தரவு முதலில் வெளியேறும் அமைப்புக்குக் கியூ என்று பெயர். அங்கே ‘வரிசை’ என்று மட்டும் எழுதினால் அகரவரிசை, எண்வரிசை போன்றவற்றோடு குழம்பும். ‘காத்திருப்பு வரிசை’ என்று விரித்து எழுதுவது நல்லது. டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளைக் கணக்கிட்டுத் தொடங்கிவைத்த துறைக்கும் ‘காத்திருப்பு வரிசைக் கோட்பாடு’ என்ற பெயர் பொருந்தும். வந்த நேரத்தைப் பாராமல் அவசரத்தைப் பார்க்கும் ‘முன்னுரிமை வரிசை’ ஒன்றும் கணினியில் இருக்கிறது. அதன் பெயரைக் கபிலரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்.

அன்றாட எழுத்தில் ‘வரிசையில் நின்றார்’, ‘வரிசை கட்டி நின்றார்கள்’ என்பவை போதும். கியூ என்றே எழுதினாலும் பிழையில்லை. ‘கட்டி’ என்ற தமிழ் வினையைச் சேர்த்து அதை எப்போதோ நம்முடையதாக்கிக்கொண்டோம். ‘கியூ வரிசை’ என்று மட்டும் வேண்டாம். ஒரு கூட்டத்துக்கு ஒரு வால் போதும்.