கை நடுக்கத்தை ‘பங்கர் காலத்துப் பயம்’ என்று தள்ளிவைக்காதீர்கள்

“அப்பாவுக்கு இது வருத்தமில்லை டொக்டர். சின்ன வயசில ஷெல்லடிக்குள்ள வளர்ந்த பயம். அதை வெளியில எடுத்துவிட்டா நடுக்கம் நிண்டிடும்.”

போன கிழமை ஒரு மகள் என்னிடம் சொன்னது இது. சிறுவயதுத் துயரம்தான் நடுக்கத்துக்குக் காரணம், அதைக் கதைத்துத் தீர்த்தால் போதும் என்று வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காணொளியை நம்பி, தகப்பனின் பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோய்க்குக் கொடுக்கும் லீவோடோபா குளிசையை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அவரால் கதிரையை விட்டு எழும்பவே முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராக இருக்கும் எனக்கு, நடுக்கத்தோடு கூட்டிவரப்படும் ஐயாமார் புதியவர்கள் அல்லர். குளிசையை நிறுத்திவிட்டு வருவதுதான் இப்போது பொறுக்க முடியாமல் போகிறது.

காணொளிகள் காட்டும் ஆய்வுகள் பொய்யல்ல. 1998இல் பெலிட்டி, ஆண்டா என்ற அமெரிக்க வைத்தியர்களின் குழு, சிறுவயதில் அடி, துஷ்பிரயோகம், வீட்டில் குடிப்பழக்கம் என்று பலவற்றை அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் போன்றவை கூடுதலாக வருவதைக் காட்டியது. லொஸ் ஏஞ்சல்ஸ் நரம்பியல் வைத்தியர் இந்து சுப்பிரமணியனும் சகாக்களும் அதே வகைக் கேள்விகளைப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் கேட்டார்கள். சிறுவயதுத் துயரம் கூடியவர்களுக்கு அறிகுறிகளின் கடுமையும் கூடுதலாக இருந்தது, வாழ்க்கைத் தரமும் குறைவாக இருந்தது.

இதைக் கவனமாக வாசியுங்கள். நோய் ஏற்கனவே உள்ளவர்களிடம் கேட்டது அது. துயரம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று அது நிரூபிக்கவில்லை. துயரத்தைக் கதைத்துத் தீர்த்தால் குளிசை வேண்டாம் என்று அதில் எங்குமே இல்லை. பார்க்கின்சனில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் மூளைக் கலங்கள் அழிகின்றன. அழுது தீர்ப்பதால் அவை திரும்பி வராது.

“ஆனால் பதற்றப்பட்டால் நடுக்கம் கூடுதே, நித்திரையில் நிற்குதே, அப்ப அது பயம்தானே?” எல்லோரும் கேட்கும் கேள்வி. எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவதும் இதுதான். பார்க்கின்சன் நடுக்கமும் பதற்றத்தில் கூடும், ஆழ்ந்த நித்திரையில் அடங்கும். அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. கையைப் பாருங்கள். பயத்தில் பெரும்பாலும் இரண்டு கையும் நடுங்கும், தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கூடும். பார்க்கின்சனில் ஒரு பக்கத்தில் தொடங்கும், மடியில் சும்மா கிடக்கும் கைதான் ஆடும், எதையாவது எடுக்கப் போனால் குறையும். நடக்கும்போது அந்தக் கை வீசாது. நான் அந்த அப்பாவிடம் பெயரும் விலாசமும் எழுதச் சொன்னேன். பெயர் ஓரளவு பெரிதாக வந்தது. விலாசம் முடியும்போது எழுத்து எறும்பு போலச் சிறுத்துவிட்டது. பயம் எழுத்தை அப்படிச் சிறுக்க வைக்காது. நடுக்கமே இல்லாத பார்க்கின்சனும் உண்டு. அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

இன்னொன்று, சாமத்துக் கனவு. கனவில் கத்தி, உதைத்து, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுவார். “ஆமிக்காரன் துரத்துற கனவு” என்று வீடு விட்டுவிடும். யுத்தக் காலத்துக் கெட்ட கனவாகவே இருக்கலாம். ஆனால் கனவில் கண்டதைக் கைகாலால் செய்யும் நித்திரைக் கோளாறு, பார்க்கின்சனுக்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடிய அறிகுறி. மணம் தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் அதோடு சேர்ந்திருந்தால் நரம்பியல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இதற்காகத் துயரத்தைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சக வைத்தியர்களே, கட்டாயம் கேளுங்கள். அமெரிக்க வினாக்கொத்தில் ஷெல்லடியும் இல்லை, இடப்பெயர்வும் இல்லை, காணாமல் போன அண்ணனும் இல்லை. 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து நடந்த பிள்ளைகள் இன்று நாற்பதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறார்கள். பார்க்கின்சன் பெரும்பாலும் அறுபதை ஒட்டி வரும். அந்தத் தலைமுறை நம் கிளினிக்குகளுக்கு வரும்போது, குளிசையோடு சேர்த்து இந்தக் கதையையும் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயின் பகுதியே. அவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

குளிசையைச் சடுதியாக நிறுத்தாதீர்கள். உடல் விறைத்துக் கடுங்காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். லீவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் கொடுங்கள். மீன், முட்டை, பருப்போடு சேர்ந்தால் சிலருக்கு அது சரியாக வேலை செய்யாது. சத்திக்கும் தலைச்சுற்றுக்கும் பாமசியில் கேட்டு வாங்கும் மெட்டோகுளோபிரமைட், புரோகுளோபெரசின், சினாரிசின் போன்றவை நோயைக் கூட்டும், நோயில்லாதவரிலும் இதே அறிகுறிகளைக் கொண்டுவரும். மனநலக் குளிசைகள் சிலவும் அப்படித்தான், ஆனால் அவற்றையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள். தயவுசெய்து, கிளினிக்குக்கு வரும்போது வீட்டில் குடிக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இரவில் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிவாருங்கள், கனவைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும்.