ஆம்புலன்ஸ் பணியாளர் சம்பளம்: எது சட்டம், எது ஒப்பந்தம்?

ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நோயாளியைக் கொண்டுவரும் பாராமெடிக்குகள் எல்லாரும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலைதான். ஆனால் ஒருவர் 108-இல் ஈ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்), ஒருவர் தனியார் மருத்துவமனை ஆள், இன்னொருவர் மணலித் தொழிற்சாலையின் ஆம்புலன்ஸ் அறையிலிருந்து வந்தவர். சம்பளம் முதலில் மாறுவது இங்கேதான்.

2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108, அரசுத் திட்டம். நடத்துவது ஒப்பந்த நிறுவனம். அதனால் அதன் பணியாளர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. அரசு ஊழியருக்கு ஊரைப் பொறுத்துக் கூடும் வீட்டு வாடகைப்படி இவர்களுக்குத் தானாக வராது. நியமன ஆணையில் எழுதியிருந்தால் உண்டு.

சட்டம் எல்லாருக்கும் தருவது குறைந்தபட்ச ஊதியம். அடிப்படையோடு அகவிலைப்படியும் சேர்ந்தது அது. விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஏப்ரல் 1 தோறும் அகவிலைப்படி மாறும். உங்கள் சம்பளச் சீட்டில் ஏப்ரலுக்குப் பிறகும் பழைய தொகையே இருந்தால் கேளுங்கள்.

வட சென்னையில் அதிகம் பறிபோவது ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம் என்பேன். இரவு 8 மணிக்கு டூட்டி முடிய வேண்டும். 7.40-க்கு எண்ணூரில் ஒரு கேஸ். கண்டெய்னர் லாரி வரிசையில் ஊர்ந்து, மருத்துவமனையில் ஒப்படைத்து, வண்டியைக் கழுவி நிறுத்தும்போது மணி பத்தைத் தொடும். இந்த நேரமும் வேலை நேரம்தான். வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் இரு மடங்கு ஊதியம் என்பது விதி. 12 மணி நேர டூட்டி வாரம் ஆறு நாள் என்றால் 72 மணி. அதில் 24 மணி ஓ.டி. "மாதச் சம்பளத்திலேயே எல்லாம் அடக்கம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோயாளியின் பெயரோ விவரமோ அதில் வேண்டாம்.

அப்புறம், ஆபத்து. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது போன்ற இடத்துக்கு ஓடும் வேலை இது. ஆபத்துப்படி எல்லாருக்கும் கட்டாயமில்லை. அது பெரிய குறைதான். ஆனால் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. பணியில் காயம்பட்டு வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அதற்குமேல் சம்பளம் வாங்குவோருக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும். சம்பவத்தை அன்றே எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, பாக்கி ஊதியத்தை மூன்று ஆண்டுக்குள் கோரலாம். மனுவைத் தொழிலாளர் துறையில் கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் போனால், அவரை வேலைக்கு அமர்த்திய மருத்துவமனையோ தொழிற்சாலையோ அதைத் தர வேண்டும். மனுவில் இருவர் பெயரையும் எழுதுங்கள்.