கிளாசிக்: மணலுக்குப் பன்மை உண்டா என்ற பேச்சில் பிறந்த சொல்

திங்கட்கிழமை காலை. மனைவி ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காபி என் கையால் என்பதால் மகள் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தாள். அப்புறம் கைப்பேசியை நீட்டினாள். கல்லூரியில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், தலைப்பு 'படிக்க வேண்டிய கிளாசிக்குகள்'.

"அப்பா, கிளாசிக்னா தமிழ்ல என்னப்பா?"

"செவ்வியல்" என்றேன் யோசிக்காமல்.

"அப்போ புல்லட் கிளாசிக் 350?"

பதில் சொல்ல முடியவில்லை. கவர் டிரைவ் கிளாசிக், தெருமுனை சலூன் கிளாசிக், பழைய படம் கிளாசிக். இதில் எதையும் செவ்வியல் என்று மாற்றிச் சொன்னால் ஆள் சிரிப்பான். ஆனால் அவள் பட்டியலில் இருந்தது புத்தகங்கள்தானே, அங்கே சரியாக வருமா? அன்று தொடங்கிய குடைச்சல் வாரம் முழுக்க ஓடியது.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீனில் கிளாசிஸ் என்றால் வகுப்பு, பிரிவு. கப்பற்படைக்கும் அதே சொல்தான். பழைய ரோமில் செர்வியஸ் டூலியஸ் என்ற அரசர் குடிமக்களைச் சொத்து மதிப்பை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்தார் என்பது அவர்கள் மரபு. முதல் வகுப்பில் இருந்தவனுக்கு மட்டும் கிளாசிகஸ் என்று பெயர். அதற்குத் தேவையான சொத்து 1,25,000 ஆஸ் என்று ஆலஸ் கெல்லியஸ் எழுதியிருக்கிறார். ஆஸ் என்பது அவர்களுடைய செப்புக்காசு. மற்ற நான்கு வகுப்பும் 'வகுப்புக்குக் கீழே' என்ற ஒரே கணக்கில் போய்விட்டது. ஆக, கிளாசிக் என்பது பிறப்பில் வருமான வரி அலுவலகத்துச் சொல்.

அது இலக்கியத்துக்குள் நுழைந்த கதையும் இதே கெல்லியஸின் குறிப்பில்தான் இருக்கிறது. இவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்காரர். படித்தது, கேட்டது, விருந்தில் பேசியது என்று கையில் கிடைத்ததையெல்லாம் எழுதிச் சேர்த்து 'ஏதென்ஸ் இரவுகள்' என்று தொகுத்தவர். அதில் ஒரு காட்சி. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் ஆசிரியரான ஃபிரான்டோ, உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கிறார். பார்க்க வந்த ஒருவர் மணலைக் குறிக்கும் சொல்லைப் பன்மையில் சொல்லிவிடுகிறார். அது தவறு, மணலுக்கு ஒருமைதான் என்று ஜூலியஸ் சீசர் தன் இலக்கண நூலில் முன்பே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். பேச்சு நீள்கிறது. கடைசியில் ஃபிரான்டோ, நேரம் கிடைக்கும்போது பழைய எழுத்தாளர்களைப் புரட்டிப் பாருங்கள், யாராவது 'கிளாசிகஸ்' எழுத்தாளர் அப்படி எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள் என்கிறார். பாட்டாளி எழுத்தாளர் வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

(நாமும் 'மணல்கள்' என்று சொல்வதில்லை. சீசர் தமிழுக்கும் ஒத்துவருகிறார்.)

கடைசியில் வந்த 'பாட்டாளி', நானாகச் சேர்த்தது இல்லை. ஃபிரான்டோ சொன்ன சொல் புரோலெடேரியஸ். ஐந்து வகுப்புக்கும் வெளியே நின்றவன். நாட்டுக்குக் கொடுக்கப் பிள்ளைகளைத் தவிர வேறு எதுவும் இல்லாதவன். பின்னாளில் மார்க்ஸ் அந்தச் சொல்லைக் கையில் எடுத்தார், நாம் அதைப் பாட்டாளி என்று தமிழாக்கினோம். பாடுபடுகிறவன் பாட்டாளி. அவன் பெற்ற பிள்ளையை எண்ணும் சொல்லைவிட அவன் உழைப்பைச் சொல்லும் சொல் எவ்வளவோ மேல். அது இருக்கட்டும். ஓர் எழுத்தாளரைக் கிளாசிக் என்று முதன்முதலில் சொன்ன இடத்தில் அதற்கு எதிர்ச்சொல்லாக நின்றது பாட்டாளி. முதல் வகுப்பு ரயில் பெட்டி மாதிரி, முதல் வகுப்பு எழுத்து. எழுதியவனின் தகுதியைப் பார்க்கும் சொல் அது. படிப்பவன் அதில் எங்கும் இல்லை.

அப்புறம் பல நூற்றாண்டு அந்தச் சொல் தூங்கியது. ஐரோப்பாவில் மறுமலர்ச்சி வந்தபோது அறிஞர்கள் அதைத் தூசி தட்டினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்குள் வந்து, ஆங்கிலத்துக்கும் பரவியது. கிரேக்க, லத்தீன் நூல்களுக்குப் பெயரானது. பள்ளி வகுப்புக்கும் கிளாசிஸ்தான் மூலம் என்பதால், வகுப்பில் பாடமாக வைக்கும் நூல் என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. என் மகளின் பட்டியல் இந்தக் கிளையில் வந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். இங்கே நமக்கு 'கிளாசிக்' முதலில் வந்தது புத்தகத்துக்காக இல்லை, மொழிக்காக. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி, தன் பெயரையே பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டவர், தமிழை 'உயர்தனிச் செம்மொழி' என்று வாதிட்டார். 1903-ல் 33 வயதில் இறந்துபோனார். மத்திய அரசு அதை ஒப்புக்கொண்டு அறிவித்தது 2004 அக்டோபர் 12-ல். நூறு வருஷம் ஆகிவிட்டது.

தமிழுக்குப் பிறகு மற்ற மொழிகளும் ஒவ்வொன்றாக அந்தத் தகுதியைப் பெற்று, 2024 அக்டோபரில் சேர்ந்த ஐந்தோடு பதினொன்று ஆகிவிட்டன. ஒரே தகுதிக்கு ஒவ்வொரு மொழியும் என்ன பெயர் வைத்துக்கொண்டது என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வந்தது. தெலுங்கில் பிராசீன பாஷை: பழமை முக்கியம். கன்னடத்தில் சாஸ்திரிய பாஷை: விதி முக்கியம். மலையாளத்தில் சிரேஷ்ட பாஷை, மேலானது. மராத்தியில் அபிஜாத், அதாவது நல்ல குலத்தில் பிறந்தது. ரோமானியர்களுக்கு இதுதான் பிடித்திருக்கும். வங்காளத்தில் துருபதி, துருபத் என்ற வட இந்தியச் சங்கீதத்திலிருந்து எடுத்தது. ஆங்கிலச் சொல் ஒன்றுதான், கொண்டுபோன வீடுகள் வேறு.

நாம் கொண்டுபோன வீடு செம்மை. செம்மைக்குச் சிவப்பு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள், குறையில்லாதது என்றும் பொருள். செம்மண் சிவப்பு, செங்கோல் நேர். செந்தமிழ் என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அந்தச் செம்மையோடு உயிரெழுத்து வந்து சேர்ந்தால் 'செவ்' ஆகும். வெயில் காலத்தில் வண்டியில் விற்கிறார்களே, செவ்விளநீர், அதே இலக்கணம்தான். செம்மை + இயல் = செவ்வியல். செம்மை + இலக்கியம் = செவ்விலக்கியம். புணர்ச்சியில் பிசிறு இல்லை, சொல்லும் வாயில் நன்றாக உட்காருகிறது.

சிக்கல் வேறு இடத்தில். செம்மொழி அறிவிப்புக்குப் பிறகு செவ்வியல் நூல்கள் என்று 41 நூல்கள் வரையறுக்கப்பட்டன. தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, சிலப்பதிகாரம், மணிமேகலை, முத்தொள்ளாயிரம், இறையனார் களவியல். கம்பன் இல்லை. ஆழ்வாரும் நாயன்மாரும் இல்லை. ஆராய்ச்சிக்கு ஒரு கால எல்லை வேண்டும், அதனால் போட்ட கோடு அது. கம்பனைக் குறைத்து மதிப்பிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோட்டோடு செவ்வியல் என்ற சொல்லுக்கு ஒரு காலப்பொருள் ஒட்டிவிட்டது. இன்று ஒரு தமிழ் வாத்தியாரிடம் 'செவ்வியல் இலக்கியம்' என்றால் அவர் மனசில் சங்கப் பாட்டுதான் வரும். புதுமைப்பித்தன் வரமாட்டார். அதனாலேயே பதிப்பகங்கள் பழைய நாவல்களை மறுபதிப்புப் போடும்போது அட்டையில் பேசாமல் 'கிளாசிக்' என்றே அச்சடிக்கின்றன. சங்கீதத்தில் சாஸ்திரியம் என்ற சொல் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. பேரிலக்கியம் என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் கொஞ்சம் தோள் அகலம். நாலடிப் பாட்டைப் பேரிலக்கியம் என்றால் அந்தப் பாட்டே கூசும்.

புதன்கிழமை ராத்திரி அகராதியைப் புரட்டும்போது அடுத்த பதிவில் கண் நின்றது: செவ்வி. காலம், தக்க சமயம், பருவம், பக்குவம், அழகு, புதுமை. செவ்வியல் இதிலிருந்து வந்தது என்று சொல்ல மாட்டேன். செம்மை + இயல் என்பதுதான் நேர்வழி. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று, காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. குறளில் இந்தச் செவ்வியைத் தேடினால் மூன்று முகம் காட்டும். கோபத்தை அடக்கத் தெரிந்தவனின் செவ்வியைப் பார்த்து அறம் காத்திருக்கும் என்கிறது 130-வது குறள். அங்கே அது சமயம். 'அருஞ்செவ்வி' என்று தொடங்குகிறது 565. பார்க்கவே முடியாத, பார்த்தாலும் முகம் கொடுக்காத பணக்காரனின் செல்வம் பேய் காவல் இருக்கும் செல்வம் போன்றது என்று திட்டுகிற குறள்; அங்கே செவ்வி என்பது சந்திப்பு. ஈழத்து இதழ்களில் நேர்காணலுக்குச் செவ்வி என்று போடுவார்கள், அது இந்தச் செவ்விதான். ஈராயிரம் வருஷத்துச் சொல் அங்கே இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நாம்தான் அகராதியில் பூட்டி வைத்திருக்கிறோம். மூன்றாவது, 1289:

மலரினும் மெல்லிது காமம் சிலர்அதன்
செவ்வி தலைப்படு வார்.

இங்கே அது பக்குவம், பதம். பதம் அறிந்து பெறுகிறவர்கள் சிலர்தான்.

வியாழக்கிழமை எனக்கு இந்தப் பதம் அடுப்பில் வந்து நின்றது. மூன்று நாள் உணவக இட்லி அலுத்துப்போய் மோர்க்குழம்பு வைக்கலாம் என்று இறங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. மனைவி போனில் வழி சொன்னாள். "அரைச்சதைத் தயிர்ல கலக்கி வையுங்க. கொதிக்க விட்டுடாதீங்க, திரிஞ்சிடும். நுரை கூடி வரும் பாருங்க, அந்தப் பதத்துல இறக்கிடணும்." தயிர் புளித்து இறுகிப்போயிருந்தது. கரண்டிக்கு மசியாமல் கையை விட்டுப் பிசைந்தேன். பக்கத்தில் துணி எதுவும் இல்லை, வேட்டியில் துடைத்துக்கொண்டேன். தாளிக்கும்போது மிளகாய் கருகிக் கண்ணில் நீர் முட்டியது. நுரை கூடியது, இறக்கினேன். மகள் ஒரு கவளம் வாயில் போட்டு, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா இருக்குப்பா" என்றாள்.

சாப்பிட்ட கையைக் கழுவும்போதுதான் பொறி தட்டியது. குறுந்தொகை 167. கூடலூர் கிழார் பாட்டு. புதிதாகக் கல்யாணமான பெண் வீட்டுக்குப் போய்விட்டு வந்த செவிலித்தாய், அங்கே கண்டதைப் பெற்றவளிடம் சொல்கிறாள்.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கமழத்
தான்துழந் தட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன் றொண்ணுதல் முகனே.

கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, அதைத் துவைக்காமல், தாளித்த புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த இனிய புளிக்குழம்பு. மோர்க்குழம்பு என்றே பலர் பொருள் கொள்வார்கள். குய் என்றால் தாளிப்பு. கணவன் 'இனிது' என்று சாப்பிட்டான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது. முழுச் சிரிப்பு இல்லை, பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும் தெரிகிற அளவு. சின்னச் சந்தோஷம் என்று இன்று எல்லோரும் எழுதுகிறார்களே, அதற்கு 'நுண்ணிதின் மகிழ்தல்' என்று ஒருவர் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்.

இந்தப் பாட்டைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். திணை முல்லை, கூற்று செவிலி, உவமை காந்தள். ஒப்பித்தேன், எழுதினேன், மறந்தேன். அன்றைக்கும் அது 41-ல் ஒன்றுதான், அதன் செம்மையில் ஒரு குறையும் இல்லை. என் பக்கம்தான் செவ்வி வரவில்லை. வேட்டியில் தயிர் ஒட்ட வேண்டியிருந்தது. ஃபிரான்டோவின் சொல்லில் இதற்கு இடமே இல்லை. அங்கே எழுதியவன் எந்த வகுப்பு என்பதோடு கணக்கு முடிந்தது. நம் சொல்லில், கொஞ்சம் காது கொடுத்தால், புத்தகமும் படிப்பவனும் பதத்தில் சந்திப்பதும் கேட்கிறது.

அதனால் என் தீர்ப்பு இப்படி. சங்க நூல்களுக்குச் செவ்விலக்கியம், தயங்காமல். கம்பனுக்கும் புதுமைப்பித்தனுக்கும் ருஷ்ய நாவலுக்கும் செவ்வியல் படைப்பு என்று எழுதலாம். 41 என்ற கோடு ஆராய்ச்சிக்கானது, சொல்லைக் கட்டிப்போட அதற்கு உரிமை இல்லை. புல்லட்டும் கவர் டிரைவும் கிளாசிக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும், தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது.

வெள்ளிக்கிழமை பரணிலிருந்து பழைய குறுந்தொகையை இறக்கினேன். முதுகு பிய்ந்து, நூல் தெரிந்தது. 167-ஐத் திறந்து மகளிடம் நீட்டினேன். அவள் பாட்டைப் படிப்பதற்குள் ஓரத்தைப் பார்த்துவிட்டாள். என் கையெழுத்து, பென்சிலில், அடிக்கோடு போட்டு:

'5 மார்க். முக்கியம்.'