வேலூர்ப் பாறையில் டைனோசர் ஏன் கிடைக்காது?

வேலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைக் குன்றுதான். இவ்வளவு பாறை இருக்கிறதே, ஒரு டைனோசர் எலும்பாவது தேறாதா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. தேறாது. இவை பூமிக்கடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. டைனோசர்கள் தலைகாட்டியதே ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பாறைப் பிளவில் பெரணி இலைபோலக் கருப்பாகத் தெரிந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. அது பெரும்பாலும் கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசுக் கறை.

புதைபடிவத்துக்குச் சேறும் மணலும் படிந்து இறுகிய பாறை வேண்டும். அது மண்ணுக்கு வெளியே தெரியவும் வேண்டும். இந்த இரண்டாவது வேலையைக் கடல் சும்மா செய்து கொடுக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில் அலை பாறைச்சுவரின் அடியை அரிக்க, மேலே உள்ளது சரிந்து விழும். குளிர்காலப் புயல் முடிந்ததும் தேடுபவர்கள் கிளம்பிவிடுவார்கள். பின்னாளில் புதைபடிவத் தேடலில் பெயர்பெற்ற மேரி ஆன்னிங் சிறுமியாக இருந்தபோது, 1811-12இல், அந்தக் கரையிலுள்ள லைம் ரெஜிஸ் ஊரில் அவரும் அண்ணனும் கண்டெடுத்த இக்தியோசர் இப்படி வெளிப்பட்டதுதான். (அது டைனோசர் அல்ல, கடல்வாழ் ஊர்வன.)

எலும்பைவிட எனக்குக் கால்தடம்தான் சுவாரசியம். பாலாற்றில் வெள்ளம் வடிந்தபின் ஈரச்சேற்றில் எருமை நடந்து போகிறது என்று வையுங்கள். தடம் காய்ந்து இறுகுகிறது. அடுத்த வெள்ளம் மணலைக் கொண்டுவந்து குழியை நிரப்புகிறது. அப்படியே புதைந்து, பல கோடி ஆண்டுகளில் மணல் கல்லாகிவிட்டால்? சுற்றியுள்ள களிமண்ணை அலை கரைத்துவிடும், கெட்டியான மணற்கல் வார்ப்பு மட்டும் மிஞ்சும். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவின் காம்ப்டன் விரிகுடாவில் மூன்று தடித்த விரல்களோடு கரையில் கிடக்கும் பெரிய கற்கள் இப்படி உருவான டைனோசர் தட வார்ப்புகள்தான். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும், பாறைச்சுவருக்கு அடியில் நிற்கவே கூடாது.

தடங்கள் வரிசையாகக் கிடைத்தால் விலங்கின் நடையையே கணக்கிடலாம். 1976இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்னீல் அலெக்சாண்டர் வழி சொன்னார். பாத நீளத்தை நான்கால் பெருக்கினால் இடுப்பு உயரம், தோராயமாக. 30 செ.மீ. பாதம் என்றால் இடுப்பு 120 செ.மீ. இதே விலங்கின் ஒரே காலின் அடுத்தடுத்த இரு தடங்களுக்கு இடையே 2 மீட்டர் இருந்தால் அது நடந்திருக்கிறது. மூன்றரை மீட்டரைத் தாண்டினால் ஓடியிருக்கிறது.

சரி, நமக்குப் பக்கத்தில்? தெற்கே அரியலூர் போக வேண்டும். டைனோசர்களின் கடைசிக் காலகட்டமான கிரெட்டேசியக் காலத்தில் கடல் புகுந்த இடம் அது. சிமென்ட்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லில், சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரிகளான அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. அங்கே கல்லமேட்டில் கிடைத்த, பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் பிரம்மாண்டமானவை என்று 1980களில் அறிவித்தார்கள். ஆனால் அவை காப்பாற்ற முடியாமல் நொறுங்கிப்போயின. கையில் இருப்பவை ஓவியங்களும் சில புகைப்படங்களும்தான் என்பதால், அந்த விலங்கு எவ்வளவு பெரியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.